மிளகுத் தராசில் ஏறிய லேப்டாப்

பதினாலா, பதினாறா.
மூன்று வாரமாக இதே பேச்சு.
ஐந்து ரோடு கடையில் ஃபயாஸ்
இரண்டையும் திறந்து வைத்துவிட்டு
டீ சொல்லப் போய்விடுகிறான்.
அவனுக்குத் தெரியும்
இன்றைக்கும் நான் வாங்கப்போவதில்லை.

பதினாறு அங்குலம் பசிக்காரன்.
நாகலூர் எஸ்டேட்டின் எண்ணூறு ட்ரோன் படங்களை
நாற்பது நிமிடத்தில் ஒட்டுப்போட்டு
ஓடை எங்கே, சரிவு எத்தனை,
எந்தக் காப்பிச் செடி யார் வேலிக்குள் என்று
சொல்லிவிடும்.
விசில் வருமுன் குக்கர் சீறுமே
அப்படிச் சீறிக்கொண்டே சொல்லும்.

பதினாலு
தட்டுவடை மாதிரி மெலிசு,
அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடுமோ என்றிருக்கிறது.
அதே எண்ணூறு படத்துக்கு
மூன்று மணி நேரம்,
நடுவில் ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

என்னிடம் இப்போது இருப்பது பழைய பதினேழு.
காலை ஏழு மணி ஏற்காடு பஸ்ஸில்
ட்ரோன் பெட்டி காலடியில், முக்காலி முதுகில்,
இது மடியில்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
இருபது முறை
பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்ந்து
இருபது முறை மன்னிப்புக் கேட்கும், என் வாயால்.

இடது தோளை எக்ஸ்ரே எடுத்த டாக்டர்
என்ன வேலை என்றார்.
அளக்கிற வேலை என்றேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.

ஒண்டிக்கடையில் மழைக்கு ஒதுங்கிய அன்று
ராயப்பன் தன் மிளகுத் தராசில்
மூட்டையை இறக்கிவிட்டு என் பையை ஏற்றினார்.
சார்ஜரோடு மூன்று கிலோ எழுநூற்றுப் பத்து.
"இது மிளகுன்னா
ஈரத்துக்குக் கால் கிலோ கழிச்சு
ரெண்டாயிரத்து இருநூத்தம்பது தருவேன்."
மேலே இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை.
பேட்டரி உட்கார்ந்த அந்தப் பலகைக்கு
அது நல்ல விலை.

ஆனால் வாழவந்தி பங்காளிகளை நினைத்தால்
மறுபடி பதினாறு.
கோதண்டமும் அவர் தம்பி நடேசனும்
எஸ்டேட் ஆபீஸ் மேஜையில் குனிந்து நின்றார்கள்.
வரைபடத்தில் எல்லைக்கோடு.
அந்தக் கோட்டின் தடிமன்
நிலத்தில் ஒன்றரை அடி.
ஒன்றரை அடிக்குள்
மிளகுக்கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக்.
"பெருசாக் காட்டும்மா" என்றார் அண்ணன்.
காட்டினேன். மலை காணாமல் போனது.
"முழுசாக் காட்டும்மா" என்றார் தம்பி.
மரம் காணாமல் போனது.
பதினேழிலேயே இந்தக் கதி.
கண்ணாடிக்குப் பவர் ஏறியதும்
அந்த வாரம்தான்.

கடைசியில் பணம் கட்டியது
எந்தக் கணக்கும் போடாத ஒரு செவ்வாய்க்கிழமை.
தோள் விண்ணென்று தெறித்தது.
"எதுக்கா?" என்றான் ஃபயாஸ்.
என் கை பதினாலின் மேல் இருந்தது.
அவன் டீயை நானே குடித்துவிட்டேன்.

மூன்று மணி நேரமா, ஓடட்டும்.
குவார்ட்டர்ஸில் கரண்ட் இருக்கிற ராத்திரியில்
அது படங்களைத் தைக்க
நான் போர்வைக்குள் போய்விடுகிறேன்.
பஸ்ஸில் ஏழாவது வளைவு வந்ததும்
திடுக்கிட்டுப் பையைத் தடவிப் பார்க்கிறேன்,
இருக்கிறதா என்று.

போன வாரம் பங்காளிகளை
ஆபீஸுக்கு வரச் சொல்லவில்லை.
ஒரு கையில் லேப்டாப்பைத் திறந்தபடி
அட்டை ஏறும் சரிவில் இறங்கி
சில்வர் ஓக்கின் அடியிலேயே போய் நின்றேன்.
திரையில் கடுகு.
எதிரே அறுபதடி.
பெரிதாக்கவும் வேண்டியிருக்கவில்லை, சிறிதாக்கவும்.

கோதண்டம் திரையைப் பார்த்தார்,
மரத்தைப் பார்த்தார்,
தம்பியைப் பார்க்காமல் சொன்னார்:
"கோடு சரியாத்தான் இருக்கு.
மரந்தான்
எடம் மாறி முளைச்சிருக்கு."