ஏழுக்குப் பின் நான்கு

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை.
மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.
அந்த இடைவெளி பார்த்துச்
செவ்வாய்க்கிழமைகளில்
படகை ஆற்றில் இறக்குகிறோம்.

துடுப்புக்கு நான்கு பேர்:
மாற்றிவைத்த இடுப்பெலும்போடு கஸ்டோன்,
இன்சுலின் பெட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்திவரும் ஒர்லாந்தோ,
கல்லூரி நாளிலிருந்தே வயதைச் சொல்லாத எலியானா,
நான்.
அமரத்தில், எங்களைப் பார்த்தபடி, நிபால்டோ.
எண்ணிக்கை அவனுடையது.

துடுப்பு போடுகிறவர்களுக்குப்
போகிற திசை முதுகுக்குப் பின்னால்.
பாலம் வருகிறதா, கடற்சிங்கம் வருகிறதா என்று
அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
வனவியல் முதலாண்டிலேயே
அந்த முகத்துக்குப் பழகிவிட்டோம்.

நிற்கும் மரத்தை ஒருமுறை சுற்றிவந்தால் போதும்,
எத்தனை கன மீட்டர் தேறும் என்று சொல்லிவிடுவான்.
அறுத்துப் பார்த்த ஆலைக்காரன்
தன் கணக்கைத்தான் திருத்திக்கொள்வான்.

கஸ்டோன் ஸ்வீடனில் இருந்த பதினாறு வருஷமும்
மாதம் ஒரு கடிதம் போட்டான்.
கடிதங்களைப் பிரித்துப் படித்த காலம்.
அதனால் ஊர் நிலவரம் எதுவும் இருக்காது;
விடுதிக்குப் பின்னால் நின்ற கொய்வே மரத்தின்
சுற்றளவு மட்டும்.
நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
நூற்றுப் பன்னிரண்டே கால்.
ஒரு வருஷம் முழுக்க அளவு ஏறவேயில்லை.
சமையலறையில் நின்றபடி
அந்த எண்ணைப் பார்த்து அழுதேன் என்று
கஸ்டோன் போன மாதம்தான் சொன்னான்,
என் முறை வந்த பிறகும்
மாத்தேக் குடுவையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு.

எட்டுக்கு முழு பலம் கொடுப்பது எங்கள் வழக்கம்.
போன குளிர்காலத்தில்
ஐந்து, ஆறு, ஏழு என்றவன்
நான்கு என்றான்.
எட்டு வரவில்லை.
படகு ஆற்றுக்குக் குறுக்கே நின்றது.

மகள் மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.
மூளைப் படத்தை உறையிலிருந்து எடுத்து
வெளிச்சத்தில் காட்டினாள்.
நாங்கள் மர வளையம் எண்ணுகிறவர்கள்,
எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.
கிளப்பில் ஒரு பையனை அனுப்புகிறோம் என்றார்கள்,
நன்றாக எண்ணுவானாம்.

நன்றாக எண்ணுகிறவன் வங்கிக்குப் போகட்டும்
என்றாள் எலியானா.

ஆக, புதிதாகப் படித்தோம்.
நான்கு ஐந்து ஆறு ஏழு,
நான்கு ஐந்து ஆறு ஏழு.
ஏழில் கையைத் தளர்த்து, நான்கில் மெல்ல நீரைத் தொடு.
இரண்டு மாதம் பிடித்தது.
எட்டு வராத படகில்
என் முட்டிக்கு வலி குறைவு,
கஸ்டோனின் இடுப்பு முனகுவதில்லை.
மீன் சந்தையில் செதில் சுரண்டும் பெண்கள்
கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்.
எங்களைத் தாண்டிய இளைஞர் அணி ஒன்று
தன் எண்ணிக்கையைத் தவறவிட்டது.
அதில் எங்களுக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம்,
மறைப்பானேன்.

நேற்றுப்
பாலத்துக்குக் கீழே,
குரல் திரும்பிவருகிற இடத்தில்,
ஏழு என்றான் நிபால்டோ.
எட்டு என்றான்.

நான்கு துடுப்பும் மோதிக்கொண்டன.
ஒர்லாந்தோவின் தொப்பி தண்ணீரில் விழுந்தது.
தலையோடு நனைந்த எலியானா
நான் கேட்டிராத கெட்டவார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டு
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்,
முன்பு மரங்களைப் பார்ப்பதுபோல.

என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?
எண்ணக்கூட மறந்துபோச்சா?

யாரும் வாய் திறக்கவில்லை.
மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

வயசாயிடுச்சு நிபால்டோ என்றாள் எலியானா,
ஐம்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக.

தொப்பி கடற்சிங்கங்கள் பக்கம்
போய்க்கொண்டிருந்தது.