அறுபத்தைந்து கிலோ

விடியற்காலை ஐந்து மணிக்கு
ஒரு கிலோ இருநூறு கிராம் கூடுதலாக இருந்தேன்.
ஏழரைக்குள் அவ்வளவும் நானில்லை என்று ஆகவேண்டும்.
நேற்று அரையிறுதியில் தோற்றவனுக்கும்
இன்று எடை பார்ப்பார்கள்.
பெல்கிரேடில் ஒரு ஹோட்டல் குளியலறை.
வெந்நீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
ஆவிக்குள் இரண்டு ஸ்வெட்டரோடு குந்தியிருந்தேன்,
காகிதக் கோப்பையில் துப்பித் துப்பி.
நாக்கு செருப்புத்தோல்.
கடைசியில் நகம் வெட்டினேன்.
நகத்துக்கு என்ன எடை என்று கேட்காதீர்கள்.

ஹசவ்யுர்ட்டில் எங்கள் கூடத்தில்
மூன்று விரிப்பு, நாற்பது பையன்கள்,
என் எடையில் மட்டும் பதினோரு பேர்.
அந்த ஊர்த் தெருவில் கல்லெறிந்தால்
யாராவது ஒரு சாம்பியனின் காதில் படும்.
அவன் திரும்பிப் பார்க்கமாட்டான்,
காது எப்போதோ நசுங்கி
பூண்டுப் பல்லாகிவிட்டிருக்கும்.

நான்கு வருடம் தேசியப் போட்டியில் மூன்றாமிடம்.
விமானத்தில் ஏறுகிறவன் ஒருவன்தான்.

பிராட்டிஸ்லாவாவில் மேசைக்கு அந்தப் பக்கம்
கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்
இல்முத்தின் என்ற பெயரை மூன்று விதமாக எழுதிக் காட்டி
எது வேண்டும் என்றாள்.
எடை குறைவானது என்றேன்.
சிரிக்கவில்லை, முத்திரை குத்தினாள்.
அவர்கள் தேசிய கீதத்தை ரஷ்ய எழுத்தில் எழுதி
காலணிக்குள் மடித்து வைத்திருந்தேன், ஆறு வருடம்.
வியர்வையில் ஊறி முதல் வரி போனது,
பிறகு இரண்டாம் வரி.
கீதம் தங்கத்துக்கு மட்டும்தான் வாசிப்பார்கள்,
ஆகவே யாருக்கும் தெரியாது.

வெண்கலத்துக்கு எதிரே வந்தவன் அப்ஸகீர்.
சிவப்பு உடுப்பு, முதுகில் பஹ்ரைன்.
என் முதுகில் ஸ்லோவாக்கியா.
நெற்றியோடு நெற்றி முட்டியதும்
குமிக் பாஷையில் கேட்டான்:
"சாப்பிட்டாயா?"

நடுவர் பேசாதே என்றார்,
எந்த மொழி என்று தெரியாமலேயே.

வட்டத்துக்கு வெளியே நான் தள்ளியது ஒரு புள்ளி,
அவன் தள்ளியது ஒரு புள்ளி.
கடைசியாக எடுத்தவன் அவன்; சமன் என்றால் அவனுக்கே.
இருபது வினாடி இருக்கிறது.
அவனுடைய இடது கால் முன்னால் நிற்கிறது.

அந்த இடது மூட்டை எனக்குத் தெரியும்.
பதினேழு வயதில் பயிற்சியில் உடைத்தது நான்தான்.
பனி கொட்டிய இரவு, பஸ் இல்லை,
நகராட்சி ஆஸ்பத்திரி வரை முதுகில் சுமந்தேன்.
வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே
என் காதுக்குள் அழுதான்.

காலை வாருவது வெளியே துரோகம்,
விரிப்பில் இரண்டு புள்ளி.
வாரினேன்.
இரண்டு கையாலும் அந்த இடது மூட்டைக் கட்டிப்பிடித்து,
தோளைக் கொடுத்து, தூக்கி, சாய்த்தேன்.

மூன்றுக்கு ஒன்று.
ரப்பர் விரிப்பு; விழுந்தவன் கவ்வ மண் இல்லை,
மீசையில் ஒட்டவில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.
நடுவர் நடுவில் நின்று எங்கள் மணிக்கட்டைப் பிடித்து
என் கையை உயர்த்தியபோது
அவருடைய வயிற்றுக்கு முன்னால் சாய்ந்து அப்ஸகீர் சொன்னான்:
"இடது எப்போதோ ஆறிவிட்டது, மடையா.
இப்போது வலதுதான்."

மைக்கை நீட்டிய பெண்
எதிராளியை முன்பே தெரியுமா என்று கேட்டாள்.
பிடி கொடுக்காமல் ஏதோ சொன்னேன்.
அவளும் வேறொருவனிடம் போய்விட்டாள்.

இரவு பதினொன்றரைக்கு ஆற்றோரக் கடையில்
ரொட்டி, சுட்ட இறைச்சி, வெங்காயம்,
தண்ணீர், தண்ணீர், மறுபடியும் தண்ணீர்.
எழுபது கிலோ வந்திருக்கும் இரண்டு பேருக்கும்.
பதக்கத்தை எடுத்துப் பார்த்தான், கையில் நிறுத்தான்,
உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தான்.
பிறகு வலது காலைத் தூக்கி
என் நாற்காலியின் ஓரத்தில் போட்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அமுக்க ஆரம்பித்தேன்.

"அங்கே இல்லை," என்றான்,
"இன்னும் கொஞ்சம் மேலே."