பதினோராம் வரி

மொன்டானா. நவம்பர் மாதம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து.
நில அலுவலகத்து அடுப்பில் பழுப்பு நிலக்கரி
எரியாமல் புகைந்துகொண்டிருக்கிறது.
எழுத்தர் அச்சடித்த படிவத்தை வாசிக்கிறார்:
"மனுதாரன் இந்நிலத்தில் குடியிருந்தான்,
வீடு கட்டினான், உழுதான்."
நிமிர்ந்து பார்க்கிறார்.
எதிரே தோர்டிஸ் எஸ்பலண்ட்.
முப்பத்தோரு வயது.
இடது கடைவாயில் ஒரு பல் இல்லை.
ஆண்களின் பூட்ஸ்,
நுனியில் செய்தித்தாள் திணித்தது.

பேனா மையில் தோய்கிறது.

அவர்கள் மொழியில்
தலையில் ஓர் எழுத்தை ஏற்றினால்
அவன் அவளாகிவிடுவான்.
நம் மொழியில் வாலை வெட்ட வேண்டும்,
அதுவும் ஒவ்வொரு வினைக்கும்.
நான் நம் மொழியிலேயே சொல்கிறேன்;
அந்த எழுத்தருக்குக்
கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கட்டும்.

குடியிருந்தா, கோடு, ள்.
கட்டினா, கோடு, ள்.
பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி,
தார்த்தாள் போர்த்திய பலகைச் சுவர்.
முதல் குளிர்காலத்தில்
காற்று கூரையின் ஒரு மூலையைத் தூக்கியபோது
ஏணியில் ஏறி
ஆணியை வாயில் வைத்துக்கொண்டவள்
உதட்டுத் தோலோடுதான் அதை எடுத்தாள்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
"மதிப்பு?" என்கிறார்.
"நூற்றுப் பத்து டாலர்."

உழுதா,
அவர் கோடு கிழிப்பதற்குள்
அவளே நிறுத்துகிறாள்:
"உழுதவை குவாமின் குதிரைகள்.
கூலிக்கு அவருக்குப் பதினாறு சட்டை தைத்தேன்."
எழுத்தர் யோசிக்கிறார்.
"கூலி கொடுத்தால் நீங்கள் உழுததாகத்தான் கணக்கு.
இங்கே வருகிற ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான்."
ள்.

"நிலத்தைவிட்டு வெளியே இருந்த நாட்கள்?"
"பதினொன்று.
பல்லுக்கு ஏழு.
ரயில் பனியில் சிக்கியதில் நான்கு."
மூன்று வருஷத்தில் அவ்வளவுதானா என்று
அவர் கேட்கவில்லை.
காகிதத்தை மட்டும்
கொஞ்சம் மெதுவாகத் திருப்புகிறார்.

முதல் சாட்சி, ஆன்செல்ம் குவாம்.
தொப்பியைக் கழற்றுகிறார்.
இரண்டு முறை அவளைப் பெண் கேட்டவர்;
இரண்டாம் முறை ஒரு கன்றுக்குட்டியோடு.
கன்று அன்று மாலையே வீடு திரும்பியது.
அதைப் படிவம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
"நாற்பது ஏக்கர் விதைத்திருக்கிறாள்," என்கிறார்,
"வேலி நேராக இருக்கிறது.
என்னுடையதைவிட."

இரண்டாம் சாட்சி, டெல்ஃபின் ரஸ்க்.
அடுத்த நிலத்துக்காரி. அவளும் தனியாள்.
"இவர் அங்கேதான் இருந்தார் என்று
உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"விளக்கு."
"விளக்கா?"
"ஒன்றரை மைல்.
நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது.
தினம் இரவு ஜன்னலில் ஒரு விளக்கு வைப்போம்,
நானும், அவளும்.
இரண்டு வைத்தால் உடம்பு சரியில்லை.
ஒன்றும் இல்லையென்றால்
குதிரைக்குச் சேணம் பூட்ட வேண்டும்."
"எத்தனை முறை பூட்டினீர்கள்?"
"ஒரு முறை.
எண்ணெய் தீர்ந்துவிட்டதாம்.
போய்ச் சேர்வதற்குள்
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம்
தீர்ந்துபோனது."

எழுத்தர் 'விளக்கு' என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்.

கட்டணம், கையெழுத்து, முத்திரை.
வெளியே வந்து
டின்னில் அடைத்த பீச் பழம் ஒன்று வாங்கினார்கள்,
முப்பது சென்ட், அநியாய விலை.
மூன்று பேருக்கும் ஒரே பேனாக்கத்தி.
குவாம் தன் பங்குச் சாற்றை
வேண்டாம் என்றார்; பிறகு குடித்தார்.
காற்று வடக்கிலிருந்து.
யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

இரவு
ஜன்னல் விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு
தன் நகலைப் படித்தாள் தோர்டிஸ்.
பதினோராம் வரியில்
ஒரு 'ன்' அப்படியே நின்றது.
மனுதாரன் இன்றும் அங்கே குடியிருக்கிறான்.

பேனாவை எடுத்தாள்,
வைத்துவிட்டாள்.
இருக்கட்டும்.
முந்நூற்றிருபது ஏக்கரில் எங்கோ ஒருவன்,
சோறு கேட்காதவன்.
ஆனால் நாளை கிணற்றுப் பனிக்கட்டி உடைக்க
அவன் வருவான் என்று
அவள் எதிர்பார்க்கவில்லை.

கோடாரியைக் கதவோரம் சாய்த்தாள்.
ஒன்றரை மைலுக்கு அப்பால்
ஒரே ஒரு விளக்கு.