நூலில் கட்டிய லைட்டர்

பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்கு இறங்கும் வழியில்
என் பெட்டிக்கடை.
கம்பியில், நைலோன் நூலில், ஒரு பச்சை லைட்டர்.
இது நாலாவது.
முதல் மூன்றும் நூலோடு போய்விட்டன.

உள்ளே தண்ணீர் மாதிரித் தெரிவது
தண்ணீர் அல்ல, காஸ்.
அமுக்கி அடைத்ததால் அடங்கிக் கிடக்கிறது.
வாய் திறந்தால் தன் குணத்துக்குத் திரும்பும்.
கிடப்பது எரியாது,
வெளியே வந்ததுதான் எரியும்.

சில்லை உருட்டு. பிறகு விரலை எடுக்காதே.
எல்லாரும் எடுத்துவிட்டு
"முதலாளி, உங்கட லைட்டர் சரியில்ல" என்கிறார்கள்.
கடல் காற்றுக்கு முதுகைக் காட்டு.
கவிழ்த்துப் பிடித்தால் அது சுடுவது உன்னைத்தான்.

மேசன் லயனல் ஒரே உருட்டில் மூட்டுவார்.
வங்கி ஐயாவுக்கு நாலு வேண்டும்.

பங்குனியில் ஒருத்தி வரத் தொடங்கினாள்.
பாண், பிஸ்கட், ஒரு போத்தல் தண்ணீர்.
போகுமுன் லைட்டரைப் பிடிப்பாள்.
பொறி வரும், விரல் ஓடிவிடும்.
சிகரட் கேட்டதே இல்லை.
இடது புறங்கையில் புதுத் தோல், ரோஸ் நிறத்தில்,
சட்டைக் கைக்குள் ஏறிப் போகிறது.
எந்த வீடு, எந்த அடுப்பு என்று
நான் கேட்கவில்லை.

அன்றிரவு கடை சாத்தும்போது
சில்லுக்குக் கீழே இருக்கும் சின்ன நெம்பைக்
கழித்தல் குறிப் பக்கம் தள்ளினேன்.
சுடர் அரிசி மணியளவு.
"என்ன முதலாளி, நுளம்புக்கா மூட்டி வச்சிருக்கிறீங்க?"
லயனல் ஏசினார்.
அவள் விரல் மூன்று எண்ணும்வரை நின்றது.

கிழமைக்கு ஒரு மயிரிழை கூட்டினேன்.
அரிசி, புளியங்கொட்டை,
பிறகு ஓர் உள்ளிப் பல்லு.
அவள் எதுவும் தெரியாதவள் போல இருந்தாள்.
நான் பேப்பர் படிப்பவன் போல இருந்தேன்.

வைகாசியில் காஸ் தீர்ந்தது.
திரும்ப நிரப்ப முடியாத சாதி.
ஐந்தாவதைக் கட்டினேன், சிவப்பு.
குறைக்க மறந்துபோனேன்.

அவள் உருட்டினாள்.
ஒரு விரல் உயரத்துக்குக் குப்பென்று எழும்பியது.
நானும் எழும்பிவிட்டேன், பேப்பர் காலடியில்.

அவள் விரலை எடுக்கவில்லை.
ஐந்து, ஆறு, ஏழு.
அணைத்தாள். சில்லு ஆறும்வரை ஊதினாள்.
பிறகு நெம்பைத் தேடாமலே தொட்டு
கொஞ்சம் குறைத்து
மறுபடி மூட்டிப் பார்த்தாள்.

"முட்டை இருக்கா?"
"அவிச்சதா?"
"பச்சை. ரெண்டு... இல்ல, நாலு தாங்க."

கடதாசியில் ஒவ்வொன்றாகச் சுற்றினேன்.
மாத்தறைக் கோச்சி போன காற்றில்
நூல் ஆடிக்கொண்டிருந்தது.