அரை வினாடி

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்,
வலைக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் என் கடை.
கதவைத் திறந்தால்
முதலில் மழை வரும், பிறகுதான் ஆள்.

இன்று இரண்டு பேர்.
மேல்கரைப் படகுச் சங்கத்து சுன்வா,
கீழ்கரைச் சங்கத்து யெக்வான்.
ஒரே பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து வந்தார்கள்.
உள்ளே, கம்பளித் தொப்பியில் சுற்றி,
நாற்பத்திரண்டு மெகாபைட் டிஸ்க்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத் துடுப்புப் போட்டி.
அரை வினாடியில் ஜெயித்தது எந்தக் கரை?
காகிதம் எலிக்குப் போயிற்று. கணக்கு இதற்குள்.
"நீங்கள் எந்தக் கரை?" என்றார் யெக்வான்.
"தெற்குத் தீவு."
இருவருக்கும் மூச்சு வந்தது.

முதல் அடாப்டரில் விளக்கு எரிந்தது,
டிஸ்க் அசையவில்லை.
மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய
மஞ்சள் கம்பியில் நான்கு.
பட்டினி கிடப்பவனை ஓடச் சொல்லியிருக்கிறேன்.
வேறு பவர் சப்ளை மாட்டினேன்.
ம்ம்ம் என்று எழுந்து சுழன்றது,
கெட்டிலைப் போல, கொஞ்சம் கோபமாக.
கணினி மட்டும்
எதுவும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜம்பரைப் பிடுங்கினேன்.
அடிமையாக இருந்ததை எஜமானாக்கினேன்,
பிறகு இரண்டுமில்லாத தனியாளாக்கினேன்.
கேபிளைத் திருப்பினேன்.
சிவப்புக் கோடு முதலிலேயே சரியாகத்தான் இருந்தது,
மறுபடி திருப்பினேன்.
ஹப்பை விலக்கி, பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன்.
இரண்டாம் அடாப்டர், கொள்ளளவு பூஜ்யம் என்றது.
மூன்றாவது, கோபன்ஹேகனிலிருந்து வந்தது, விலை கூடியது,
டிஸ்கின் பெயரையே
எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாற உளறியது.

"செத்துவிட்டதா?" என்றாள் சுன்வா,
அப்படியே இருக்கட்டும் என்பது போன்ற குரலில்.

சாகவில்லை.
டக் டக் என்று தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கேளுங்கள்.
கேள்விதான் கோணல்.
நாலாயிரத்துப் பதினேழாம் எண்ணை எடு என்கிறது அடாப்டர்.
இவனுக்கு வீட்டு எண் என்றால் என்னவென்றே தெரியாது.
தேவாலயம் தாண்டி மூன்றாவது புல்கூரை,
மாடி, சன்னலோரம் என்றால்
உடனே எடுத்துக் கொடுப்பான்.
எந்த உருளை, எந்தத் தலை, எந்தத் துண்டு:
அவன் படித்த விலாசம் அவ்வளவுதான்.

மீன் தொழிற்சாலை கழித்துப்போட்ட கணினி ஒன்று,
பல் மஞ்சளித்து, என் பூந்தொட்டிக்கு முக்காலியாக இருந்தது.
தொட்டியை இறக்கினேன்.
பேட்டரி செத்ததால் அதற்கு இன்று
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று.
மறுத்துப் பேசவில்லை.
டிஸ்கின் லேபிளிலிருந்த மூன்று எண்களையும்
கையாலேயே தட்டிக் கொடுத்தேன்.

கூப்பிட்ட குரலுக்கு வந்தது.

பச்சை எழுத்தில் படகுகள், பெயர்கள், நிமிடங்கள்.
கடைசி வரியில், நேரம் பார்த்தவரின் குறிப்பு:
"பலத்த மழை. இரண்டாம் கடிகாரம் கை நழுவிக் கடலில் விழுந்தது.
அரை வினாடி என்பது உத்தேசம்."

நெடுநேரம் மழைச் சத்தம் மட்டும்.
"உத்தேசம் என்றால்," என்றார் யெக்வான்,
"எந்தப் பக்கமாக?"

கூலி முந்நூற்றெழுபத்தைந்து குரோனா,
ஆளுக்குப் பாதி என்றேன்.
மிஞ்சுகிற அரை குரோனாவை யார் போடுவதென்று
கடை மூடும் நேரம் கடந்தும்
என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள்.