பலகை எண் ஏழு

ஒன்பதரை மணிக்கு முதல் குழு.
அதற்குள் பீரங்கியை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.
இன்றும் அதன் வாயில் இரண்டு சாமந்தி.
நேற்று மாலைக் கடைசிச் சீட்டில் வந்த யாரோ
பிள்ளை வரம் கேட்டுப் போயிருக்கிறாள்.
பூக்களை அகற்றுக என்பது நிர்வாக உத்தரவு.
விளக்கவுரைப் பிரிவின் தலைவி நான்
விளங்காதவள் போல் கடந்துவிடுகிறேன்.

பினாங்கு வெயில் எட்டரைக்கே செங்கல்லில் ஏறிவிட்டது.
எனக்குக் கீழே மூன்று பேர்:
சரித்திரம் படித்த ஃபட்லினா,
மைக் வேண்டாத தொண்டை பூன் கியாட்டுக்கு,
இரண்டும் இல்லாமல்
முப்பது குடைகளை மட்டும் ஒருநாளும் மறக்காத தயாபரன்.
ஆண்டு வேண்டாம், எடையைச் சொல்லுங்கள் என்பேன்.
ஒரு கல் எத்தனை கிலோ,
அதைச் சுமந்து எத்தனை முறை இந்த மேட்டில் ஏறலாம்.
அவர்களும் சொல்கிறார்கள்.
கப்பல் பயணிகள் தலையாட்டிக் கேட்டுவிட்டுக்
கழிவறை எங்கே என்கிறார்கள்.

இன்று கப்பல் இல்லை.
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த
தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு, முப்பத்தொரு பேர்.
பாதிச் சட்டைகளில் ஏற்கெனவே மைலோ.

வெடிமருந்து அறை, அகழி, கொடிக்கம்பம் என்று
எல்லாம் ஒழுங்காகத்தான் போனது,
ஏழாம் பலகை வரை.
ஹேமாஷினி என்ற ஒருத்தி
மூன்று மொழியிலும் விரல் வைத்து வாசித்தாள்.
"டீச்சர், இங்கிலீஷ்ல கன்விக்ட்.
மலாய்ல பண்டுவான்.
தமிழ்ல மட்டும் ஏன் தொழிலாளர்?"

பதினோரு ஆண்டாக ஒருவரும் கேட்கவில்லை.
மாநகர மன்றம் கேட்கவில்லை,
திறந்து வைத்த பெரியவர்கள் கேட்கவில்லை,
தமிழை மட்டும் வாசிப்பவர்களுக்குக்
கேட்கத் தோன்ற வழியில்லை.
மாற்றியவள் நான்.
வந்த மொழிபெயர்ப்பில் கைதிகள் என்றுதான் இருந்தது.
சென்னையிலும் கல்கத்தாவிலும் விலங்கு பூட்டிக்
கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள்
இங்கே மண் வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள் என்று
நம் பிள்ளைகள் வாசிக்கும்போது
அந்த முகங்கள் சுருங்குமே என்று
ஒரு சிவப்புப் பேனாவால்,
மதியச் சாப்பாட்டுக்கு முன்,
அரை நிமிடத்தில்.

மழை வந்து காப்பாற்றும் என்று வானத்தைப் பார்த்தேன்.
நீலம்.

"கைதிகள்மா," என்றேன். "கைதிகள்தான் கட்டினாங்க."
"என்ன செஞ்சாங்க?"
"சிலர் திருடினாங்க. சிலர் ஒண்ணுமே செய்யல.
பல பேரைப் பத்தி எனக்கே தெரியாது."

சுருங்கவில்லை ஒரு முகமும்.
கவிலேஷ் என்றவன் துள்ளினான்:
"அப்ப என் தாத்தாவோட தாத்தாவோட தாத்தா திருடனா? சூப்பர்!"
"உங்க தாத்தா எஸ்டேட்டுக்கு வந்தவருடா,
இது அதுக்கும் முந்தி," என்றாள் ஹேமாஷினி.
அவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.
கழுத்து அட்டைக் கயிறுகளைக் கழற்றிக்
கையோடு கை பிணைத்துக்கொண்டார்கள் நால்வர்.
அப்படியே மேட்டில் ஏறினார்கள்.
ஒருவன் தடுக்கியதும் நால்வரும் விழுந்தார்கள்.
எழும்போது சிரிப்பு இல்லை.
ஒருவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.
எடையைப் பற்றி நான் அதற்குப் பிறகு பேசவில்லை.

மாலையில் பலகை திருத்தும் படிவம்.
"ஒரு சொல்லுக்கு முந்நூற்று நாற்பது வெள்ளியா?"
கணக்குப் பிரிவு மேடம் சியா கண்ணாடியைக் கழற்றினார்.
வண்ணப் பென்சில் ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
பழைய சொல்: தொழிலாளர்.
புதிய சொல்: கைதிகள்.
திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்தான் இருந்தது.
அதில் நான் எழுதினேன்:
எழுத்துப் பிழை.