இயந்திரத்தில் இல்லாத எழுத்து

மாலை ஐந்து மணிக்குத்தான் பெயர் வந்தது.
ஒட்டிய உறைக்குள் ஒரே வரி:
சிறந்த இயக்குநர், குன்னேய் சிவ்த்செவா.
நாளை இரவுவரை வாயைத் திறக்கக் கூடாதென்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்
பண்பாட்டுத் துறைப் பையன்.

யாரிடம் சொல்ல?
கடையில் நானும் செதுக்கும் இயந்திரமும்.
வெளியே யாகுத்ஸ்க், மைனஸ் நாற்பத்தேழு,
எஞ்சின் அணைக்காத கார்கள்
புகைக்குள் புகையாக நிற்கின்றன.

அவளை எனக்குத் தெரியும்.
போன பிப்ரவரியில், உறைந்த லேனா ஆற்றின் மேல்
அவள் படத்தில் நான் ஒரு பிணம்.
சம்பளம் இல்லை; குதிரைக்கறி சூப் உண்டு.
ஒன்பது தரம் செத்தேன்.
ஏழாவதில் என் மூக்கிலிருந்து ஆவி வந்துவிட்டது.
எட்டாவதில் கேமரா நின்றது.
பேட்டரியை அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றியபடி
"இன்னொரு தரம், அக்கா" என்றாள்,
கைமாற்று கேட்கிறவள் குரலில்.
படம் வந்தபோது தேடிப் பார்த்தேன்:
என் வலது பூட்ஸ் மட்டும். இரண்டு நொடி.

பெயரைத் தட்டினேன்.
இயந்திரத்துக்கு ரஷ்ய எழுத்துகள்தான் தெரியும்.
அவள் பெயரின் இரண்டாம் எழுத்து,
'உ' சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு
'இ' சொன்னால் வருமே, அது,
அதன் நாக்கில் புரளவில்லை.
'யூ' போட்டால் போதும். எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்,
அவள் பாஸ்போர்ட்டிலும் அதுவாகத்தான் இருக்கும்.

போட்டிருக்கலாம்.
விளக்கைக் கிட்டே இழுத்து, கையுளியை எடுத்தேன்.
உலோகத்தில் இன்னொரு தரம் கிடையாது.
மூச்சை நிறுத்திக்கொண்டேன்,
பிணத்துக்கு அது பழக்கம்.

விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.
நன்றிப் பட்டியலில் குதிரைக்காரர் இருந்தார்,
ஜெனரேட்டர் கொடுத்த பள்ளிக்கூடம் இருந்தது,
பிணங்கள் இல்லை.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தாள்,
இமையெல்லாம் வெள்ளை பூத்து.
சிலையை மேசைமேல் வைத்தாள்.
"வெண்கலமா, அக்கா?
குதிரைக்காரருக்கு இன்னும் பாதி பாக்கி."
"துத்தநாகம். மேலே பூச்சு."
சிரித்தோம், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

கிளம்பும்போது பீடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.
இரண்டாம் எழுத்தில் விரல் நின்றது.
மற்றவற்றைவிட அது ஒரு மயிரிழை ஆழம்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
கதவைப் பாதி திறந்து, குளிரை உள்ளே விட்டபடி
"அடுத்த படத்தில் உங்களுக்கு வசனம் உண்டு" என்றாள்.

எத்தனை வரி, என்றேன்.

"முதலில் பணம் கிடைக்கட்டும்."